சைக்ளோன் என்றால் பலத்த காற்று மட்டும்தானா?

கேள்வி: காற்றும் மழையும் கொஞ்சம் பலமாக அடித்தாலே 'சைக்ளோன்' என்கிறார்கள். புயல் என்றால் போதாதா? அந்த ஆங்கிலச் சொல்லுக்கு அப்படி என்ன தனிப் பொருள்? ஹரிகேன், டைஃபூன் எல்லாம் வேறு வேறா?
– ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: புயல் என்றே சொல்லுங்கள், தாராளமாகப் போதும். பழந்தமிழில் அது மழைமேகத்தைக் குறித்த சொல். காற்றுக்கு வந்தது பிறகு. ஆனால் 'சைக்ளோன்' பிறந்ததே காற்றின் சுழற்சியைச் சொல்லத்தான்.

உருவாக்கியவர் ஹென்றி பிடிங்டன். கப்பல் தலைவராக இருந்து கல்கத்தாவில் குடியேறியவர். புயலில் சிக்கிய கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டி, எந்த நேரத்தில் எந்தத் திசைக் காற்று என்று ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்தார். காற்று ஒரு மையத்தைச் சுற்றிக்கொண்டே நகர்வது உறுதியானது. 1848-ல் மாலுமிகளுக்கு எழுதிய கைநூலில், பாம்பின் சுருளையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இந்தப் பெயரை வைத்தார். காற்று வட்டம் வரைந்த, ஊடுருவித் தெரியும் கொம்புத் தகடுகளையும் நூலோடு கொடுத்தார். கடல் வரைபடத்தின் மேல் தகட்டை வைத்தால் மையம் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும், கப்பலைத் திருப்பிக்கொள்ளலாம்.

நம் கரைக்கும் இதே கணக்குத்தான். மையம் கடலூருக்குக் கிழக்கே இருந்தால் வடக்கிலிருந்து அடிக்கும். ஊருக்கு மேலேயே வந்தால் காற்று சட்டென்று அடங்கும். 'விட்டுவிட்டது' என்று கூரையைப் பார்க்க வெளியே வருகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மையம் மேற்கே நகர்ந்ததும் தெற்கிலிருந்து திருப்பி அடிக்கும்; முதல் காற்றில் ஆட்டம் கண்ட மரம் அப்போது சாயும். 2011 டிசம்பர் 30 காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே 'தானே' புயல் கரையேறி, பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததே! அதைக் கண்ட மாவட்டத்தில் இந்தச் சுழற்சி பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். எளிய வழி ஒன்று உண்டு: காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் மையம் ஏறக்குறைய உங்கள் இடக்கைப் பக்கம்.

காற்று மணிக்கு 62 கி.மீ. வேகத்தைத் தொட்டால்தான் வானிலைத் துறை அதைப் புயல் என்கிறது. அதுவரை தாழ்வு மண்டலம்தான். சாதாரண மழைக்கெல்லாம் 'சைக்ளோன்' என்று தலைப்புப் போடுவது பெரிய தவறு. நிஜமான எச்சரிக்கை வரும் நாளில் படகை மேடேற்ற ஆள் அசையமாட்டார்கள்.

அட்லாண்டிக்கில் ஹரிகேன், மேற்குப் பசிபிக்கில் டைஃபூன், நம் கடலில் சைக்ளோன், மூன்றும் ஒன்றே. டார்னடோ மட்டும் வேறு. அது இடிமேகத்திலிருந்து தரைக்கு இறங்கும் குறுகிய சுழல். இரண்டுக்கும் 'சூறாவளி' என்றே எழுதுவதால்தான் இத்தனை குழப்பம்.