பெட்டிக்கு முன்னால் லைனைப் பாருங்கள்

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சிறிய போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பத்து வருடக் கல்யாணப் படங்கள் பதினொரு போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்கில் சிதறிக் கிடந்தன. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கலாம் என்று இரண்டு டிஸ்க் போடும் நாஸ் பெட்டி (ரவுட்டரில் இணைத்து எல்லாக் கம்ப்யூட்டரும் பயன்படுத்தும் ஃபைல் பெட்டி) வாங்கினேன். ஆல்பம் டிசைன் செய்யும் தம்பி சென்னையில் இருக்கிறான். அங்கிருந்தே ஃபைலை எடுத்துக்கொள்ளலாம் என்றார் கடைக்காரர். அவர் அனுப்பிய பையன் ரவுட்டரில் ஏதோ போர்ட்டை (வெளியிலிருந்து உள்ளே வர எண் போட்ட வழி) திறந்துவிட்டு, "வருது பாருங்க சார்" என்று காட்டிவிட்டுப் போனான். வீட்டில் வருகிறது, சென்னையில் வரவில்லை. பெட்டி பழுதா? திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: பெட்டி பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு சோதித்தால் வீட்டுக்குள் இருக்கும் பெட்டி தெரியத்தான் செய்யும். வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பார்ப்பதுதான் வெளியிலிருந்து வரும் சோதனை. அந்தப் பையன் அதைச் செய்யவில்லை.

இப்போது பிரவுசரில் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, 'வான் ஐபி' (WAN IP, ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி) என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். 100-ல் தொடங்கி, இரண்டாவது எண் 64 முதல் 127 வரை இருந்தால், உங்களுக்கென்று தனி வெளி முகவரி கிடையாது. இன்டர்நெட் கம்பெனி ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டிருக்கிறது. இதற்குப் பெயர் சிஜிநாட் (CGNAT). உலகத்தில் பழைய வகை ஐபி முகவரிகள் தீர்ந்துகொண்டே வந்ததால் 2012-ல் இந்த எண்வரிசையை இதற்கென்றே ஒதுக்கினார்கள். சில கம்பெனிகள் 10-ல் தொடங்கும் எண்ணையும் கொடுக்கின்றன. எப்படியிருந்தாலும், உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை. கதவு உங்கள் வீட்டில் திறந்திருக்கிறது, தெருமுனை கேட் கம்பெனி கையில் பூட்டியிருக்கிறது.

அந்த எண் 192.168 என்று தொடங்கினால் விஷயம் வேறு. கம்பெனி கொடுத்த பெட்டிக்குப் பின்னால் நீங்கள் வாங்கிய ரவுட்டரும் சேர்ந்து, இரண்டு ரவுட்டர் வரிசையாக நிற்கின்றன. கம்பெனி பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு, அதாவது அது ரவுட்டர் வேலை செய்யாமல் லைனை மட்டும் கடத்தும்படி, மாற்றித் தரச் சொல்லுங்கள். அதன் பிறகு மறுபடி எண்ணைப் பாருங்கள்.

எது எப்படியானாலும், அந்தப் பையன் திறந்த போர்ட்டை இன்றைக்கே மூடிவிடுங்கள். இதைக் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டதே, அது பரவியது விண்டோஸ் ஃபைல் ஷேரிங் பயன்படுத்தும் 445-ஆம் போர்ட் வழியாக. ஃபைல் அனுப்பும் பழைய முறையான எஃப்டிபிக்கான 21-ஆம் போர்ட்டைத் திறந்திருந்தாலும் ஆபத்துதான். சாதாரண எஃப்டிபியில் பாஸ்வேர்ட் மறைக்கப்படாமல் அப்படியே போகிறது. இன்று கம்பெனியின் கேட் தற்செயலாக உங்களைக் காப்பாற்றுகிறது. நாளைக்கு அவர்கள் வெளி முகவரி கொடுத்துவிட்டால், ஊரார் வீட்டுக் கல்யாணப் படங்களும் வாசலில் கிடக்கும்.

தம்பிக்கு வழி இருக்கிறது. டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் சேவையை (இரண்டு இடங்களை இன்டர்நெட் வழியே பூட்டிய தனிப்பாதையில் இணைப்பது) நாஸ் பெட்டியிலும் தம்பியின் கம்ப்யூட்டரிலும் போடுங்கள். இரண்டு பக்கமும் உள்ளேயிருந்து வெளியே போய்த் தேடிச் சேர்வதால் போர்ட் எதுவும் திறக்க வேண்டாம், சிஜிநாட்டும் தடையில்லை. தனிநபர் உபயோகத்துக்கு இலவசத் திட்டம் உண்டு. ஆனால் இரண்டு பக்கமும் சிஜிநாட் என்றால் சில சமயம் நேரடியாகச் சேர முடியாமல் இடையில் ஒரு சர்வர் வழியாகச் சுற்றிப் போகும், வேகம் விழும்.

வேகம் என்றதும் இன்னொன்று. உங்கள் பெட்டியிலிருந்து தம்பி எடுப்பது உங்கள் லைனின் அப்லோடு. விளம்பரத்தில் பெரிதாகப் போடும் வேகம் டவுன்லோடு. அப்லோடும் அதே அளவுதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கல்யாணம் 200 ஜிபி என்று வையுங்கள். அப்லோடு முழுசாக 100 எம்பிபிஎஸ் கிடைத்தாலே நாலரை மணி நேரம், 40 கிடைத்தால் பதினொரு மணி நேரம். கடலூரிலிருந்து பஸ் ஏறினால் அதற்குள் சென்னை போய்விடலாம். அதனால் கேமராவின் மூலப் படங்களான முழு ரா ஃபைல்களை டிஸ்கில் ஆள் மூலம் அனுப்புங்கள். தேர்ந்தெடுத்த படங்களுக்கும் திருத்தங்களுக்கும் லைனைப் பயன்படுத்துங்கள். என் அனுபவத்தில் இதுதான் சண்டை இல்லாமல் நடக்கிறது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. நாஸில் இரண்டு டிஸ்கிலும் ஒரே தரவு ஓடினால், ஒரு டிஸ்க் போனாலும் வேலை நிற்காது. ஆனால் அது பேக்கப் ஆகாது. கைதவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். தண்ணீர் வந்தாலும் அப்படித்தான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்தது. 2015 வெள்ளத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த வெள்ளத்தில் தரைத்தளத்தில் வைத்திருந்த என் சொந்த டிஸ்கையும் அதன் நகலையும் ஒன்றாக இழந்தேன். இரண்டும் ஒரே அலமாரியில் இருந்தன. அப்பாவின் குரல் பதிவுகள் அதில் இருந்தன. பழைய பதினொரு டிஸ்கை விற்றுவிடாதீர்கள். அவற்றில் நல்ல நிலையில் இருப்பவற்றில் ஒரு நகல் எடுத்துத் தம்பி வீட்டில் வையுங்கள். நாஸ் பெட்டியை மாடியில், தரையிலிருந்து உயர்த்தி வைத்து, ஒரு 600 விஏ யூபிஎஸ் போடுங்கள்.

கேள்வி: புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். பேரன் படங்களும் வீட்டுப் பத்திர ஸ்கேன்களும்தான் என்னிடம் உள்ளவை. பழைய லேப்டாப்பையே ஃபைல் சர்வராக வைத்துக்கொள்ளலாமா? கரண்ட் பில் ஏறுமா?

பதில்: தாராளமாக வைக்கலாம் அம்மா. அந்த அளவுக்குப் புதுப் பெட்டி தேவையே இல்லை. பழைய லேப்டாப் சும்மா ஓடும்போது 15 வாட் அளவில் இழுக்கும் என்று வைத்தால், நாள் முழுக்க ஓடினாலும் மாதம் 11 யூனிட்டுக்குள்தான். இரண்டு டிஸ்க் நாஸ் 25 வாட் என்றால் 18 யூனிட். பழைய டெஸ்க்டாப் 80 வாட் என்றால் 58 யூனிட் ஆகிவிடும், அதை மட்டும் வேண்டாம் என்பேன்.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 உடன் பாதுகாப்பு ஆதரவு முடிந்துவிட்டது. எப்போதும் ஓடும் இயந்திரத்தில் அதை வைக்காமல், தெரிந்த பிள்ளை யாரையாவது டெபியன் என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டம் போட்டுத் தரச் சொல்லுங்கள். எப்போதும் சார்ஜில் இருக்கும் பழைய பேட்டரி சில வருடத்தில் உப்பும். மாதம் ஒருமுறை அடிப்பக்கம் புடைத்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். புடைத்திருந்தால் உடனே கழற்றிவிட வேண்டும். லேன் ஒயரை நேராக ரவுட்டரில் செருகுங்கள், வைஃபையை நம்ப வேண்டாம்.

கேள்வி: ஸ்டாட்டிக் ஐபி (மாறாத தனி வெளி முகவரி) சேர்த்துத் தருவதாகச் சொல்லித்தான் இன்டர்நெட் கம்பெனிக்காரர்கள் ஆறு மாதப் பணம் வாங்கினார்கள். இப்போது "அதுக்குத் தனிக் கட்டணம்" என்கிறார்கள். புதுச்சேரி முதலியார்பேட்டையில் வீட்டிலிருந்தே டிசைன் வேலை பார்க்கிறேன். தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் கோர்ட் கேட்காது என்கிறார் நண்பர்.

பதில்: நண்பர் சொல்வது பாதி சரி. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை விலக்குகிறது. ஆனால் தானே உழைத்துச் சுயதொழிலில் பிழைப்பு நடத்துபவரை அது விலக்கவில்லை. உங்களை நுகர்வோராகவே கருதலாம். தொலைத்தொடர்புப் புகாரை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் கூப்பிடுங்கள்.

வாயால் சொன்னதை நிரூபிப்பதுதான் சிரமம். விற்க வந்தவர் அனுப்பிய வாட்ஸ்அப் இருந்தால் அதை அழிக்காமல் படமெடுத்து வையுங்கள். இல்லையென்றால் இப்போதே, "ஸ்டாட்டிக் ஐபி சேர்த்துத்தான் பேசினீர்கள், எப்போது தருவீர்கள்?" என்று ஒரு செய்தி அனுப்புங்கள். அவர் மறுக்காமல் ஏதாவது சாக்குச் சொல்லிப் பதில் போட்டால், அதுவும் உங்களுக்குச் சாட்சி.