‘வாட்டர் ப்ரூஃப் தனி’ என்கிறார் காண்டிராக்டர்: பணம் கொடுக்க வேண்டுமா?

கேள்வி: ஒத்தக்கடை அருகே எங்கள் மனையில் 1,200 சதுர அடி வீடு கட்டுகிறோம். சதுர அடி 2,300 ரூபாய், ‘வாட்டர் ப்ரூஃப் உட்பட’ என்று ஒப்பந்தம். 22 லட்சம் கொடுத்தாயிற்று. இப்போது, ‘அது மொட்டை மாடிக்கு மட்டும்’ என்கிறார் காண்டிராக்டர். எங்களைக் கேட்காமலே கீழ் பாத்ரூமில் கெமிக்கல் கோட்டிங் அடித்துவிட்டு 38,000 ரூபாய் பில் நீட்டுகிறார். தராவிட்டால் வேலை நிற்குமாம்.

பதில்: நீங்கள் அனுப்பிய ஒப்பந்த நகலில் ‘மொட்டை மாடி’ என்ற சொல்லே இல்லை. அதை எழுதியவரும் காண்டிராக்டர்தான். இரண்டு அர்த்தம் வரும்படி எழுதினால் சந்தேகம் எழுதியவருக்கு எதிராகத்தான் போகும். எனவே பாத்ரூமும் அந்த ரேட்டுக்குள் அடக்கம் என்று தைரியமாக வாதாடலாம்.

அவர் தரப்பு 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 70-வது பிரிவைக் கையில் எடுக்கும். இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்த வேலையின் பலனை அனுபவித்தால், அதற்கு ஈடு தர வேண்டும் என்பது அது. ஆனால் வேண்டாம் என்று மறுக்க உங்களுக்கு வாய்ப்பு இருந்திருக்க வேண்டும். ஒப்பந்தத்துக்குள் அடங்கிய வேலைக்கு அந்தப் பிரிவு வரவும் வராது. அடங்காது என்றே முடிவானாலும் நியாயமான மார்க்கெட் விலைதான், அவர் பில்லில் போட்டது அல்ல. மறுப்பை இன்றே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பேசாமல் இருந்தால் சம்மதம் என்பார்கள்.

அதைவிட அவசரம் ஒன்று: அந்த பாத்ரூமில் இப்போதைக்கு டைல்ஸ் ஒட்ட விடாதீர்கள். தாழ்த்திப் போட்ட தளத்தில் தண்ணீர் கட்டி, அது நிற்கும் மட்டத்தில் சுவரில் மார்க்கரால் கோடு போட்டு, தேதியோடு போட்டோ எடுங்கள். இரண்டு நாள் கழித்து அதே கோட்டருகே இன்னொரு போட்டோ. அடிச்சுவரில் ஈரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். டைல்ஸ் மூடிய பிறகு கசிந்தால் உடைத்துத்தான் நிரூபிக்க வேண்டும்.

ஃப்ளாட் வாங்குவோருக்கு, கட்டுமானக் குறைகளுக்கு பில்டரே 5 வருடம் பொறுப்பு என்று ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் தரும் பாதுகாப்பு, சொந்த மனையில் காண்டிராக்டர் வைத்துக் கட்டுவோருக்குத் தானாக வராது. மிச்சப் பணத்தைக் கொடுக்கும் முன் எந்தெந்த இடம், எத்தனை கோட், எத்தனை வருட உத்தரவாதம் என்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

மசியவில்லையா? வக்கீல் நோட்டீஸ், அப்புறம் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். வீடு கட்டித் தருவது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ‘சேவை’தான். நீங்கள் கொடுத்த தொகைக்குக் கட்டணம் 1,000 ரூபாய். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும்.