மரத்தடியில் செடி முளைக்கவில்லை: காரணத்தை எப்படிச் சோதிப்பது?

கேள்வி: தாவரவியல் படிக்கிறேன். ஒரு மரத்தின் அடியில் சிறு செடிகளே முளைப்பதில்லை, சற்றுத் தள்ளி நெருக்கமாக முளைக்கின்றன. மரத்தடியில் 20 கட்டங்கள், வெளியே 20 கட்டங்கள் போட்டு எண்ணியதில் வித்தியாசம் தெளிவாக வந்தது. இலையில் உள்ள நச்சுதான் காரணம் என்று எழுதலாமா? வெட்டவெளியில் எதையும் கட்டுப்படுத்த முடியாதபோது அறிவியல் முறையை எப்படிப் பின்பற்றுவது?

பதில்: இப்போதைக்கு அப்படி எழுத முடியாது. வித்தியாசம் இருக்கிறது என்றுதான் உங்கள் எண்ணிக்கை சொல்கிறது, ஏன் என்று சொல்லவில்லை. நச்சு இருக்கலாம், நிழல் இருக்கலாம், சருகு மெத்தைபோல் கிடப்பதால் விதை மண்ணைத் தொடாமலேயே காய்ந்துபோகலாம், மரத்தின் வேர் ஈரத்தை உறிஞ்சிவிடலாம், கிளைகளின் மறைவில் பயமில்லாமல் திரியும் எலி விதைகளைத் தின்று தீர்க்கலாம். இந்த ஐந்தில் எது உண்மையானாலும் நீங்கள் பார்த்த அதே எண்ணிக்கைதான் வரும். அதனால் இன்னும் 200 கட்டங்கள் எண்ணினாலும் பயனில்லை.

ஒரு கருதுகோளுக்கு ஒரு விடையும் இன்னொன்றுக்கு வேறு விடையும் வருகிற மாதிரி ஒரு சோதனை வேண்டும். நச்சுதான் காரணம் என்றால் அந்த மரத்தின் சருகை அள்ளி வெளியே பரப்பினால் அங்கேயும் முளைப்பு குறைய வேண்டும், சரிதானே? ஆனால் சருகின் தடிமன் மட்டுமே காரணமாக இருந்தாலும் குறையும். ஆகவே பக்கத்திலேயே இன்னொரு கட்டத்தில் நச்சில்லாத வேறொரு மரத்தின் சருகை அதே தடிமனில் பரப்புங்கள், மூன்றாவது கட்டத்தைச் சருகில்லாமல் விடுங்கள். மூன்றிலும் ஒரே வகை விதையை, ஒரே எண்ணிக்கையில், நீங்களே விதைக்க வேண்டும். இரண்டு சருகுக்கு அடியிலும் முளைப்பு ஒரே அளவு குறைந்தால் நச்சுக் கதையைக் கைவிட வேண்டியதுதான். எந்தக் கட்டத்துக்கு எந்தச் சருகு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள், ஏனென்றால் நம் கை நம்மை அறியாமலேயே நல்ல மண்ணைத் தேடிப் போகும்.

இலையை ஊறவைத்த தண்ணீரை ஆய்வகத்தில் விதைமேல் ஊற்றிப் பார்ப்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். அந்தச் சாறு விதையைக் கெடுக்கும் என்பதை அது காட்டும். ஆனால் மண்ணில் அதே செறிவு இருக்கிறதா, நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடுகின்றனவா என்பதைக் களத்தில்தான் பார்க்க முடியும்.

எலியைச் சோதிக்கக் கம்பிவலைக் கூண்டு போடுவீர்கள். அந்தக் கூண்டே கொஞ்சம் நிழல் தரும், காற்றையும் தடுக்கும். எனவே பக்கவாட்டில் திறந்த கூண்டு ஒன்றும் வேண்டும், எலி உள்ளே போகும், மற்றதெல்லாம் மூடிய கூண்டு மாதிரியேதான் இருக்கும். பல களத் திட்டங்களில் விடுபடுவது இதுதான், தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், உங்கள் ஆய்வின் பெரிய ஓட்டை: 20 கட்டங்களும் ஒரே மரத்தடியில் இருக்கின்றன. அந்த ஒரு மரம் பாறைமேல் நின்றால் 20 கட்டமும் சேர்ந்தே அந்தப் பாறையைத்தான் காட்டும். ‘இந்த வகை மரம் இப்படிச் செய்கிறது’ என்று சொல்ல ஆசைப்பட்டால் உங்கள் மாதிரியின் அலகு மரம், கட்டம் அல்ல. இப்படி ஒரே இடத்துக் கட்டங்களைத் தனித்தனி மாதிரிகளாக எண்ணுவதைச் சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984இல் ‘போலி மறுபதிவு’ என்று பெயர் சொல்லிக் கண்டித்தார். ஒரு மரத்தடியில் 20 கட்டம் போடுவதைவிட, ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் 10 மரங்களடியில் இரண்டிரண்டு கட்டம் போடுவது எவ்வளவோ மேல்.

கட்டுப்பாடு பற்றிக் கேட்டீர்கள். மழையையும் வெயிலையும் நிறுத்த வேண்டியதில்லை, ஒப்பிடும் இரண்டு இடங்களிலும் அவை ஒரேபோல் விழுந்தால் போதும். கனடாவின் ஒன்டாரியோவில் ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லர் குழு 1973இல் 226ஆம் எண் ஏரியின் குறுக்கே ஒரு திரையைக் கட்டியது. இரு பாதியிலும் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள், பாஸ்பரஸ் ஒரு பாதியில் மட்டும். அந்தப் பாதிதான் பாசி மண்டிப் பச்சையானது. அமெரிக்காவின் வாஷிங்டன் கடற்கரையில் சூழலியலாளர் ராபர்ட் பெய்ன் 1963 முதல் ஒரு பாறைப் பகுதியிலிருந்து நட்சத்திர மீன்களை அகற்றிக்கொண்டே வந்தார், பக்கத்துப் பாறையைத் தொடவில்லை. அகற்றிய இடத்தில் சிப்பிகள் பரவி மற்றவற்றை நெருக்கித் தள்ளின, 15 இனங்கள் 8 ஆயின. சும்மா எண்ணிக்கொண்டிருந்தால் இது வெளியே வந்திருக்காது, ஒன்றை மாற்றி, மற்றொன்றை மாற்றாமல் வைத்ததால்தான் வந்தது.

விதைக்கும் முன்பே, எந்த முடிவு வந்தால் எந்தக் கருதுகோளைக் கைவிடுவீர்கள் என்று தேதியிட்டு எழுதி வையுங்கள். எண்ணும்போது முளைக்காத விதை, முளைத்துச் செத்த கன்று, பிழைத்த கன்று மூன்றையும் தனித்தனியாகக் குறியுங்கள். விதையைத் தின்னும் எலியும் கன்றை வாட வைக்கும் வேர்ப்போட்டியும் இறுதி எண்ணிக்கையில் ஒன்றாகத்தான் தெரியும், இந்தப் பிரிவில்தான் வேறுபடும்.