ஏரோதின் விருந்தும் ஐந்து வயதுப் பிள்ளையின் கேக்கும்

கேள்வி: என் மகளுக்கு அடுத்த மாதம் ஐந்து வயது முடிகிறது. கேக் வெட்டலாம் என்று இருந்தோம். ஊழியம் செய்யும் என் கணவரின் அண்ணன், "வேதத்தில் பிறந்தநாள் கொண்டாடியவர்கள் பார்வோனும் ஏரோதும்தான், இரண்டு நாளிலும் உயிர் போனது, கிறிஸ்தவர்களுக்கு இது ஆகாது" என்கிறார். மகளோ பள்ளி வேனில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்: வேனில் சொல்லியாகிவிட்டதா? சரி, கேக் வாங்கிவிடுங்கள் தங்கச்சி.

உங்கள் அத்தான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. பார்வோனின் பிறந்தநாளில் சுயம்பாகிகளின், அதாவது அரண்மனைச் சமையல்காரர்களின், தலைவனைத் தூக்கிலிட்டார்கள் (ஆதியாகமம் 40), ஏரோதின் பிறந்தநாளில் யோவான் ஸ்நானகனின் தலை தட்டில் வந்தது (மத்தேயு 14). மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் என்ற வேத அறிஞர் இந்த இரண்டு பேரைக் காட்டித்தான் பிறந்தநாளைக் கண்டித்தார். யெகோவாவின் சாட்சிகள் இன்றும் கொண்டாடுவதில்லை.

ஆனால் அதே பார்வோன் அதே நாளில்தான் பானபாத்திரக்காரரின் தலைவனுக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்தான், பிற்பாடு அவன் வாய் திறந்ததால்தான் யோசேப்பு சிறையை விட்டு வெளியே வந்தார், இதை ஏனோ யாரும் பிரசங்கத்தில் சேர்ப்பதில்லை. யோவானைக் கொன்றது ஏரோதின் மனைவி ஏரோதியாளின் வன்மமும், பந்தியில் இருந்தவர்கள் முன்னால் நடனமாடிய அவள் மகளுக்குக் கொடுத்த வாக்கை மாற்றினால் கௌரவம் போய்விடுமே என்ற ஏரோதின் பயமும்தான். தேதி என்ன செய்தது, பாவம்! அந்த யோவானைப் பற்றித்தான் தேவதூதன் சகரியாவிடம் "அவன் பிறப்பினிமித்தம் அநேகர் சந்தோஷப்படுவார்கள்" என்றான், லூக்கா 1:14, அத்தானுக்கு அதைக் காட்டுங்கள். கத்தோலிக்கர்கள் ஜூன் 24-ல் யோவானின் பிறப்பைக் கொண்டாடுகிறார்கள். வேளாங்கண்ணியில் செப்டம்பர் 8-ல் அத்தனை கூட்டம் கூடுவதும் மாதாவின் பிறந்தநாளுக்குத்தான்.

கொண்டாடச் சொல்லி வேதத்தில் கட்டளை கிடையாது, கூடாது என்றும் கிடையாது. ரோமர் 14:5-ல் பவுல் நாட்களைப் பற்றிய விஷயத்தை அவனவன் மனதுக்கு விட்டுவிடுகிறார். சபைக்கு ஆண்டுவிழா வைத்துப் பந்தி போடுகிற நாம், பிள்ளைக்கு மட்டும் கூடாது என்றால் அவள் என்ன நினைப்பாள்?

எனக்கு உறுத்துவது வேறு. முக்குக்கு முக்கு ஃப்ளெக்ஸ், வட்டிக்கு வாங்கி மண்டபம், யார் என்ன மொய் வைத்தார்கள் என்று ராத்திரி உட்கார்ந்து கணக்கு. ஏரோதின் வாசனை அங்கேதான் அடிக்கிறது, கேக்கில் இல்லை. எங்கள் அம்மா ஒரு கவரில் பத்து ரூபாய் வைத்து, மேலே என் பெயரையும் 'பிறந்தநாள் ஸ்தோத்திரக் காணிக்கை' என்றும் எழுதி, ஞாயிற்றுக்கிழமை நானே பையில் போட வேண்டும் என்பார். ஐயர் (எங்கள் சபைப் போதகர்) முன்னால் கூப்பிட்டு ஜெபம் செய்வார், வீட்டுக்கு வந்தால் பாயசம். அவ்வளவுதான், அதற்கே ஒரு வாரம் தூக்கம் வராது.

அத்தானோடு வாதாடி ஜெயிக்க வேண்டாம். ஜெபம் பண்ண வாருங்கள் என்று முதலில் அவரைக் கூப்பிடுங்கள். வந்து கேக்கைத் தொடவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள், மிக்சரும் காபியும் கொடுங்கள்.