பாதியில் கல்தா – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நீங்கள் கால்பந்து பற்றி எழுதி வெகுநாளாகிறது. இருபது வருடமாக நான் பின்தொடரும் கிளப் பத்து நாள் முன்பு மேலாளரைத் தூக்கிவிட்டது. சீசன் முடிய இன்னும் பதினாறு ஆட்டம் இருக்கிறது. அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை. இத்தனைக்கும், ‘இவர் போனால்தான் விடிவு’ என்று நவம்பரில் எழுதியவன்தான் நான். அந்தப் பதிவுகளையெல்லாம் இப்போது அழித்துவிட்டேன். இடைக்காலப் பயிற்சியாளர் வந்து இரண்டு ஆட்டம், இரண்டிலும் வெற்றி. அப்படியானால் நிர்வாகம் செய்தது சரிதானா? மான்செஸ்டர் யுனைடெட்டில் மேலாளர் ஃபெர்குசனுக்குக் கிடைத்த பொறுமை இன்று யாருக்கும் கிடைப்பதில்லையே, எல்லாம் பணம்தானா? நன்றி கெட்ட இந்தக் கிளப்பை இனியும் ஆதரிக்க வேண்டுமா, விட்டுவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கிளப்பின் பெயரை எடுத்துவிட்டேன், கோபிக்காதீர்கள். எந்தப் பெயரைப் போட்டாலும் கதை ஒன்றுதான்.

பணமா என்றால், ஆமாம், பணம்தான். கீழ்ப்பிரிவுக்கு இறங்கினால் போகும் தொலைக்காட்சி வருமானத்தோடு ஒப்பிட்டால் மேலாளருக்குக் கொடுக்கும் நஷ்டஈடு சில்லறை. இருபத்தைந்து வீரர்களை நடுவில் மாற்ற முடியாது, ஒருவரை ஒரே மதியத்தில் அனுப்பிவிடலாம். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

ஃபெர்குசன் கதைக்கு வருகிறேன். அதை இந்தப் பக்கம் கொண்டுவராத ஆள் இல்லை. வந்து மூன்றரை வருடம் ஒரு கோப்பையும் இல்லாமல் இருந்தார், நடுவில் பதினொன்றாம் இடம், பதின்மூன்றாம் இடம் எல்லாம் பார்த்தார், 1990இல்தான் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை, கிளப் பொறுத்தது, பூமி ஆண்டார். சரி. ஆனால் அவர் எப்படி வந்தார்? 1986 நவம்பரில், சீசன் நடுவில், ரான் அட்கின்சனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிய இடத்தில் வந்து உட்கார்ந்தார். அட்கின்சன் ஒன்றும் சோப்ளாங்கி இல்லை, 1983லும் 1985லும் அதே எஃப்.ஏ. கோப்பையை வாங்கிக் கொடுத்தவர், வெளியே தள்ளப்பட்டதற்கு முந்தைய சீசனை வரிசையாகப் பத்து லீக் வெற்றிகளோடு தொடங்கியவர். நீங்கள் சொல்லும் அந்தப் பொறுமையை அட்கின்சனுக்குக் காட்டியிருந்தால் ஃபெர்குசன் தன் பழைய கிளப்பான அபர்டீனிலேயே இருந்திருப்பார். பொறுமைக்கு உதாரணம் சொல்லும்போது பொறுமையிழந்த நாளை மறைத்துவிட்டுச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

‘இரண்டிலும் வெற்றி, அப்படியானால் சரிதானா’ என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை தெரியாதவரா நீங்கள்? மேலாளரை யாரும் சாதாரண நாளில் அனுப்புவதில்லை. இதைவிடக் கீழே போக முடியாது என்கிற நாளில்தான் அனுப்புகிறார்கள். காய்ச்சல் உச்சத்தில் கொதிக்கும் அன்றைக்கு வைத்தியரை மாற்றுங்கள், மறுநாள் உடம்பு கொஞ்சம் தணியும், புது வைத்தியர் கைராசிக்காரர் ஆகிவிடுவார். பழையவரே இருந்திருந்தாலும் அது தணிந்திருக்கும், ஆனால் அதைப் பார்க்க நமக்கு வழியில்லை. பார்க்க முயன்றவர் ஒருவர் உண்டு. பாஸ் தெர் வீல் என்ற டச்சுப் பொருளியலாளர், தன் நாட்டு முதல் பிரிவு லீகின் 1986 முதல் 2004 வரையான கணக்கை எடுத்துக்கொண்டு, சரிவில் மேலாளரை மாற்றிய கிளப்புகளையும் அதே அளவு சரிந்தும் மாற்றாமல் விட்ட கிளப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் எழுந்து வந்தன. கேட்டுக்கொண்டீர்களா? ஒரே மாதிரி.

உடனே டுகல் என்பீர்கள். 2021 ஜனவரியில் மேலாளர் லாம்பார்டை அனுப்பிவிட்டு செல்சி அவரைக் கூட்டிவந்தது, மே மாதம் ஐரோப்பாவின் பெரிய கோப்பை கையில். மறுக்கவில்லை. அவர் வந்ததும் பின்வரிசையில் மூவரை நிறுத்தி ஆட்டத்தின் முறையையே மாற்றினார். அதுபோல நடக்கும்போது நானும் கைதட்டுவேன். உங்கள் இடைக்காலக்காரர் என்ன மாற்றினார் என்று ஒரு வரியாவது கடிதத்தில் இருக்கிறதா?

எனக்கு ரனியேரிதான் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறார். 5000க்கு 1 என்று பந்தயக்காரர்கள் சிரித்த லெஸ்டர் கிளப்பை 2016இல் இங்கிலாந்தின் சாம்பியன் ஆக்கினார். ஒன்பதே மாதம். 2017 பிப்ரவரி 23ஆம் தேதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காரணம் இல்லாமல் இல்லை. அந்த வருடம் பிறந்ததிலிருந்து லீகில் ஒரு கோல்கூட இல்லை, வரிசையாக ஐந்து தோல்வி, கீழ்ப்பிரிவுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரே ஒரு புள்ளி. நடுக்களத்தில் ஓடி ஓடிப் பந்தைப் பிடுங்கிக்கொண்டிருந்த காந்தேயை முந்தைய கோடையிலேயே செல்சி கொத்திக்கொண்டு போயிருந்தது, அந்த சீசன் செல்சி சாம்பியன். அது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. சரி, ரனியேரி போய் நான்கு நாள் கழித்து என்ன நடந்தது தெரியுமா? லிவர்பூலை 3-1 என்று அடித்தார்கள். வார்டி இரண்டு கோல். அதே கால்கள், அதே நுரையீரல். வீரர்கள் சேர்ந்து அவரைக் கவிழ்த்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின, வீரர்கள் மறுத்தார்கள். நான் வீரர்களை நம்புகிறேன். அதற்குச் சதி எல்லாம் தேவையே இல்லை, எனக்குத் தெரியும்.

எப்படித் தெரியும் என்றால், முப்பது வயதில் நான் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியர். பெயர் வேண்டாம். எங்கள் ஆசிரியர் பச்சை மையில் திருத்துவார், ஒற்று விட்டுப்போனால் சுழித்துவிட்டுப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுவார், திட்டமாட்டார். விற்பனை வரிசையாகக் குறைந்தது. வருடத்தின் நடுவில் நிர்வாகம் எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டது. அவர் வேண்டாம் என்று ஏழு பேர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டோம். நான் மூன்றாவது. அவரை அனுப்பிய அந்த வாரமே என் பகுதியை இரண்டு நாள் முன்னதாகவே கொடுத்தேன். அவர் இருந்தவரை ஒரு முறைகூட நேரத்துக்குக் கொடுத்ததில்லை. விற்பனை ஏறியது, புதியவருக்குச் சம்பளமும் ஏறியது. ஏற்றிவிட்ட சிறப்பிதழின் திட்டம் முழுக்கப் பச்சை மையில் எழுதப்பட்டது என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்கவில்லை. போன மாதம் பழைய நண்பர் ஒருவர் போனில், ‘அந்த மனுஷன் போன பிறகுதானே நாம உருப்பட்டோம்’ என்றார். ‘ஆமா ஆமா’ என்றேன். வைத்த பிறகுதான் உறைத்தது. அந்த இரண்டு நாள் எப்போதும் என்னிடம்தான் இருந்தது. அவருக்குக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். வெறுப்பு கிடையாது, திட்டம் போட்டும் செய்யவில்லை. பழகிப்போன ஆள்மேல் வரும் ஒரு மெத்தனம். புதியவர்மேல் எனக்கு மரியாதையும் இல்லை, அடுத்து நம் தலையோ என்ற பயம்தான் இருந்தது, அந்தப் பயம் ஒரு நாலு மாதம் தாங்கியது.

லெஸ்டரிலும் பாருங்கள். ரனியேரியின் உதவியாளராக இருந்த ஷேக்ஸ்பியர் பொறுப்பேற்று முதல் ஐந்து லீக் ஆட்டங்களையும் வென்றார், அணி பன்னிரண்டாம் இடத்தில் முடித்தது, கோடையில் மூன்று வருட ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தார்கள். அக்டோபரில் அவருக்கும் கல்தா.

உங்கள் மேலாளர் போன அன்றிரவு நீங்கள் தூங்கவில்லை என்று எழுதியதை நம்புகிறேன், அதனால்தான் பதில் எழுதுகிறேன். ஆனால் நவம்பரில் எழுதியதை ஏன் ஐயா அழித்தீர்கள்? அது என்ன பழக்கம்? ஜெயித்த பிறகு பழையவருக்காக அழுவது சுலபம். எழுதியது இருக்கட்டும், கண்ணில் படட்டும். என் கையெழுத்துள்ள அந்தத் தாள் எங்கே போனதோ, கிடைத்தால் நான் கிழிக்கமாட்டேன் என்று சொல்லத்தான் ஆசை, நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

ஆசிரியர் கடைசி நாள் மேசையைக் காலிசெய்யும்போது நான் அந்தப் பக்கம் போகவேண்டியதாகிவிட்டது. தாள் அவர் கைக்கு வந்திருந்தது, அது எனக்கும் தெரியும். கண்ணாடியைத் துடைத்தபடி, ‘அடுத்த வாரப் பகுதி எப்போ வரும்?’ என்று கேட்டார். எப்போதும் கேட்பதுபோலத்தான்.

கிளப்பை விடலாமா என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். விடமாட்டீர்கள். சனிக்கிழமை ஆட்டம் எத்தனை மணிக்கு என்று இப்போதே உங்களுக்குத் தெரியும்.