சளி பிடித்த இரண்டாம் நாளே இழுப்பு வருவது ஏன்?

கேள்வி: எங்கள் ஊர் குடியாத்தம். எட்டு வயது மகனுக்குச் சளி பிடித்தால் இரண்டே நாளில் இழுப்பு தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்கிறேன். வாழைப்பழம், தயிர் இரண்டையும் நிறுத்திவிட்டோம். தினமும் எடுக்கச் சொன்ன இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்று மாமியார் சொல்வதால், இழுப்பு நின்றதும் நிறுத்திவிடுகிறேன். வெறும் சளிக்கு இவ்வளவு பாடா?

பதில்: வெறும் சளி என்று நாம் ஒதுக்குவதுதான், அம்மா, ஆஸ்துமா உள்ள பிள்ளைக்குப் பெரிய எதிரி. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா மிகும் வேளைகளில் ஐந்தில் நான்கில் வைரஸ் தொற்று இருப்பது 1990-களிலேயே இங்கிலாந்தில் நடந்த ஆய்வில் தெரியவந்தது. அவற்றுள் பெரும்பங்கு, சாதாரண ஜலதோஷத்தை உண்டாக்கும் ரைனோவைரஸ். அதில் 160-க்கும் மேற்பட்ட வகைகள் இருப்பதால், ஒரு சளி வந்து போனது அடுத்த சளிக்குக் காப்பாக அமைவதில்லை.

அதே சளி அவன் வகுப்புத் தோழனுக்கு மூக்கொழுகலோடு போய்விடும். உங்கள் மகனின் மூச்சுக்குழாய்களோ, அவன் ஓடியாடி விளையாடும் நாளிலும் உள்ளே சற்றே வீங்கியிருக்கின்றன; அந்தச் சுவரில் வைரஸ் இறங்கும்போது, அதைத் தடுக்கும் இன்டர்ஃபெரான் என்னும் பொருள் பல ஆஸ்துமா நோயாளிகளிடம் குறைவாகவே சுரப்பதால், வீக்கம் கூடி, கோழை அடைத்து, குழாயைச் சுற்றியுள்ள தசையும் இறுகிக்கொள்கிறது. சளி ஆஸ்துமாவைப் புதிதாகக் கொண்டுவரவில்லை. ஏற்கெனவே இருப்பதைக் கிளறிவிடுகிறது.

ஆகவே, சளி இல்லாத நாட்களில்தான் உங்கள் வேலை இருக்கிறது. தினமும் எடுக்கச் சொன்ன ஸ்டீராய்டு இன்ஹேலர் அந்த அடிப்படை வீக்கத்தைத் தணிப்பது. மைக்ரோகிராம் அளவில் நேரே நுரையீரலுக்குச் செல்லும் அது போதைப் பழக்கம் ஆகாது. இழுப்பு நின்றதும் அதை நிறுத்துவது, அடுத்த சளிக்குக் கதவைத் திறந்து வைப்பதாகும். இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் என்னும் குழாயை வைத்து எடுக்கச் செய்து, பிறகு வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. வாழைப்பழமும் தயிரும் வைரஸைக் கொண்டுவருவதில்லை. அவற்றால் ஒவ்வாமை இல்லையென்றால் தாராளமாகக் கொடுக்கலாம். உங்கள் பக்கத்தில் வீட்டிலேயே பீடி சுற்றுவோர் பலர் என்பதால் கேட்கிறேன்: புகையிலைத் தூளோ, பீடிப் புகையோ, கொசுவர்த்திப் புகையோ அவன் படுக்கும் அறையில் இருக்கிறதா? இருந்தால் முதலில் அதை அகற்றுங்கள். பள்ளியிலிருந்து வந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவும் பழக்கமும் உதவும்.

இழுப்பு வந்தால் அவன் சட்டையைக் கழற்றிப் பாருங்கள். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையே தோல் குழிந்தாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் நிறுத்தினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, இழுப்பை உடனே தணிக்கும் மருந்தான சால்பியூட்டமால் கொடுத்தும் நான்கு மணி நேரம் தாக்குப்பிடிக்காமல் மறுபடி இழுத்தாலோ, நள்ளிரவானாலும் விடியட்டும் என்று காத்திராமல், வழியிலும் சால்பியூட்டமால் கொடுத்தபடி அருகிலுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.