மளிகையில் 8 மிச்சம், வட்டிக்கு ஒன்பதரை செலவு

கேள்வி: மளிகைச் செலவைக் குறைக்கலாம் என்று ஒரு வருடமாக டிஸ்கவுன்ட் கடையில்தான் வாங்குகிறேன். மாதத்தில் ஒரு நாள் போய் மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்துவிடுவேன். அக்கா வீட்டுக்கும் நானே சேர்த்து வாங்கிவிடுவேன், அவர் முடிந்தபோது தருவார். எல்லாம் கிரெடிட் கார்டில். சம்பளம் வந்ததும் முடிந்த அளவு கட்டுகிறேன், ஆனால் 8 மாதமாகப் பாக்கி குறைந்தபாடில்லை, ராத்திரி தூக்கமும் வரமாட்டேன் என்கிறது. அந்தக் கடையில் எதை வாங்கலாம், எதை விடலாம் என்று சொன்னால் இன்னும் கொஞ்சம் மிச்சம் பிடிப்பேன். கடையே ஒரு கார்டு தருகிறது, வாங்கியதில் 2 சதவீதம் திரும்பக் கிடைக்குமாம். அதை எடுக்கட்டுமா? 3 மாத பில்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: பில்களை அனுப்பியது ரொம்ப நல்லது. பென்சிலை வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்தேன். விலை பார்த்து வாங்கத் தெரியாதவர் இல்லை நீங்கள், அதனால் பட்டியல் எழுதிக்கொண்டு போங்கள், பசியோடு கடைக்குப் போகாதீர்கள் என்றெல்லாம் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. எதை வாங்கலாம் என்பதற்கும் கட்டாயம் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது எண்ணெயோ சோப்போ இல்லை, பாக்கி இருக்கிற கார்டிலேயே திரும்பத் திரும்ப மளிகை வாங்குகிறீர்களே, அந்த ஒரு பழக்கம்தான்.

உங்கள் தொகையை எல்லோரும் படிக்கிற இடத்தில் போட வேண்டாம். ஒரு மாத பில்லை 100 பங்கு என்று வைத்துக்கொள்கிறேன், எல்லாம் தோராயக் கணக்குதான். அந்த 100இல் உங்கள் வீட்டுக்கு உண்மையாகவே தேவைப்பட்டது 55. இதே சாமான்களை வேறு கடையில் வாங்கியிருந்தால் 63 ஆகியிருக்கும், ஆக டிஸ்கவுன்ட் கடையால் உங்களுக்குக் கிடைத்தது மாதம் 8. இன்னொரு 18 பங்கு ஆஃபரைப் பார்த்ததும் டிராலியில் விழுந்தவை. மிச்சம் 27 அக்கா வீட்டுச் சாமான்.

இப்போது கார்டு பக்கம் வாருங்கள். பாக்கி கிட்டத்தட்ட 250 பங்கு, அதாவது இரண்டரை மாத மளிகை. வட்டி மாதம் 3 சதவீதம் என்று உங்கள் கார்டு பில்லிலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. 250க்கு ஏழரை. இதோடு முடிந்தால் பரவாயில்லை. பழைய பாக்கியை முழுதாகக் கட்டாதவரை பெரும்பாலான கார்டுகளில் அந்த வட்டியில்லா நாட்கள் என்ற சலுகையே கிடையாது, புதிதாக வாங்குகிற சாமானுக்கும் வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். சம்பளத்துக்குக் காத்திருக்கிற 20 நாளுக்கு 100 பங்குக்கு இன்னொரு 2 என்று போடுங்கள். ஒன்பதரை ஆகிவிட்டது. கடை கொடுத்த 8ஐ வட்டியே முழுசாகத் தின்றுவிட்டு மேலும் ஒன்றரை கேட்கிறது. போன மாதம் சமைத்துச் சாப்பிட்டு முடித்த சர்க்கரைக்கு இந்த மாதமும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கும்போது எனக்கே வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

மாதம் 3 என்றால் வருடத்துக்கு 36 என்று தோன்றும். வட்டிக்கு வட்டி சேர்ந்தால் 42ஐத் தாண்டும். எந்தக் கடையும் வருடம் முழுக்க எல்லாப் பொருளுக்கும் அவ்வளவு தள்ளுபடி தருவதில்லை, தரவும் முடியாது.

அடுத்தது அக்கா. இதை எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் உங்கள் கடிதத்தில் பணத்தைப் பற்றி எத்தனையோ கவலைகள் இருக்கின்றன, அக்காவைப் பற்றி ஒரு குறைகூட இல்லை. அவர்மேல் உங்களுக்கு உள்ள பிரியம் புரிகிறது. ஆனால் நீங்களே ஓரத்தில் எழுதி வைத்திருக்கிற கணக்குப்படி 27 பங்குக்குச் சாமான் போகிறது, திரும்பி வருவது 15 பங்குதான். மாதம் 12 துண்டு விழுகிறது. 8 மாதத்துக்கு 96. உங்கள் 250 பங்கு பாக்கியில் 100க்குக் கொஞ்சம் குறைவு அக்கா வீட்டு மளிகை, அதற்கான வட்டியும் உங்கள் தலையில். அக்காவுக்கு இது தெரியுமா? தெரியாது என்றுதான் நினைக்கிறேன். தள்ளுபடியில் வாங்குவதால் தங்கைக்கு ஒன்றும் நஷ்டமில்லை என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

அவரிடம் சண்டை போடவும் வேண்டாம், பழைய கணக்கைத் தோண்டவும் வேண்டாம். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அக்கா, கார்டு வட்டி கழுத்தை நெரிக்குது, இனிமே கையில இருக்கிற பணத்துலதான் கடைக்குப் போறேன், உன் லிஸ்ட்டோட பணத்தையும் முன்னாடியே கொடுத்துடு, வாங்கிட்டு வந்துடறேன்." அவ்வளவுதான். சாமானைச் சுமந்துகொண்டு வருவது தங்கை செய்யக்கூடிய உதவி. மாதாமாதம் வட்டிக்கு வாங்கிக் கொடுப்பது உதவியே இல்லை, அவர் கேட்காமலே நீங்கள் கொடுத்துக்கொண்டிருக்கும் கடன் அது. அக்காவுக்கு நிஜமாகவே முடியாத நிலை என்றால் அதை வெளிப்படையாகப் பேசி, உங்களால் தாங்க முடிகிற ஒரு சின்னத் தொகையை மாதாமாதம் கையில் கொடுத்துவிடுங்கள். அளவு தெரிந்த செலவாக அது இருக்கும்.

கடையின் கார்டை எடுக்காதீர்கள். 2 சதவீதம் திரும்பத் தருகிறார்கள், சரி, ஒரே ஒரு தடவை தருகிறார்கள். பாக்கி வைத்தால் மாதாமாதம் வாங்குவது எவ்வளவு என்று மேலே பார்த்தோம். முழுப் பணத்தையும் தேதிக்குள் கட்டுகிறவர்களுக்கு மட்டும்தான் இந்த மாதிரிக் கார்டுகளால் பிரயோஜனம், இன்றைக்கு நீங்கள் அந்த வரிசையில் இல்லை. இப்போது வாங்கிப் பிறகு கட்டுங்கள் என்று பில் போடும் இடத்திலேயே நீட்டுகிறார்களே, அதுவும் கடன்தான், பெயர்தான் புதுசு. பல வருடம் உழைக்கிற சாமானையே தவணையில் எடுக்க யோசிக்கச் சொல்கிற ஆள் நான், பத்து நாளில் தின்று தீரும் பிஸ்கட்டுக்கு 3 தவணை என்றால் கோபம்தான் வருகிறது.

சரி, இனி கடைக்குள் போவோம்.

டிஸ்கவுன்ட் கடை மலிவாக விற்க முடிவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. ரகங்களைக் குறைவாக வைக்கிறார்கள், அட்டைப் பெட்டியைப் பிரித்து அப்படியே அடுக்குகிறார்கள், ஆட்களும் குறைவு, பெரும்பாலும் தங்கள் சொந்த பிராண்டையே விற்கிறார்கள். அதனால் உப்பு, சர்க்கரை, வெள்ளை அரிசி, குப்பைப் பை, அலுமினியத் தாள், டிஷ்யூ, பாத்திரம் தேய்க்கிற சோப்பு போன்ற சாமான்களில் கடையின் சொந்த பிராண்டைத் தாராளமாக எடுங்கள். உப்புக்கும் சர்க்கரைக்கும் விளம்பரம் செய்கிற பிராண்டு எதற்கு? ஈரம் படாமல் வைத்தால் இரண்டும் கெடுவதே இல்லை. வெள்ளை அரிசியும் காற்றுப் புகாத டப்பாவில் வருடக்கணக்கில் நிற்கும். இவற்றை மொத்தமாக வாங்குவதில் தப்பில்லை, கையில் பணம் இருந்தால்.

இரண்டு, மூன்று சாமான்களை வாங்கின விலைக்கும் கீழே விற்று ஆளை உள்ளே இழுப்பதும் உண்டு. வாசலிலேயே பெரிய எழுத்தில் எழுதி வைத்திருப்பது பெரும்பாலும் அதுதான். தேவை இருந்தால் அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள், கடைக்காரர் மற்ற அலமாரிகளில் லாபத்தைப் பார்த்துக்கொள்வார். இதோடு சேர்ந்த விஷயம் டிராலி. 1937இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் சில்வன் கோல்ட்மன் என்ற கடைக்காரர் அதைக் கொண்டுவந்தார், கைக்கூடை கனத்ததும் ஜனங்கள் வாங்குவதை நிறுத்திக்கொள்கிறார்கள் என்பதைக் கவனித்துவிட்டுத்தான். அடுத்த தடவை கைக்கூடையோடு போய்ப் பாருங்கள், அந்த 18 பங்கில் பாதி தானாகவே அலமாரியில் தங்கிவிடும்.

விட வேண்டியவை உங்கள் பில்லிலேயே இருக்கின்றன. முதலில் அந்தப் பெரிய பாதாம், வால்நட் பை. மார்ச்சில் வாங்கியிருக்கிறீர்கள், இன்னும் பாதி இருக்கிறது என்றும், குழந்தைகள் கசக்கிறது என்று தள்ளிவிடுகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு வால்நட்டை உடைத்து முகர்ந்து பாருங்கள், பெயிண்ட் மாதிரி ஒரு வாடை அடித்தால் அதிலுள்ள எண்ணெய் காறிப்போயிற்று என்று அர்த்தம். எண்ணெய்ச் சத்துள்ள எந்தச் சாமானுக்கும் காற்று, வெளிச்சம், சூடு மூன்றும் ஆகாது. சமையல் எண்ணெய் பெரிய டின், தவிடு நீக்காத அரிசி, முழுத் தானிய மாவு எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும், சின்னதாக வாங்குவதே லாபம். அரைத்த மசாலாப் பொடிகளும் அப்படித்தான், கெட்டுப்போகாவிட்டாலும் வாசனை போய்விடும், அப்புறம் ஒரு கரண்டி போடுகிற இடத்தில் இரண்டு போடுவீர்கள். முழு மசாலா என்றால் நெடுநாள் தாங்கும். இப்படி வீணாகி நீங்கள் குப்பையில் கொட்டுவது மாதம் 4 பங்காவது இருக்கும்.

பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்று நம்பிவிடாதீர்கள். உங்கள் மே மாத பில்லில் சலவைத்தூள் பெரிய பையைவிட இரண்டு நடுத்தரப் பைகள் கிலோவுக்குக் குறைவாக விழுந்திருக்கும், பெருக்கிப் பார்த்தேன். போனைத் திறந்து விலையை எடையால் வகுத்துப் பாருங்கள், பாக்கெட்டின் உயரத்தைப் பார்க்க வேண்டாம். பழைய அளவுப் பாக்கெட்டிலேயே எடையைக் குறைத்து அதே விலைக்கு விற்பதும் நடக்கிறது.

தேதி நெருங்கியதால் பாதி விலைக்கு வைத்திருக்கும் சாமானில் இரண்டு வகை. இந்தத் தேதி வரை சுவை நன்றாக இருக்கும் என்று போட்டிருந்தால் அது தரத்தைப் பற்றியது, பிஸ்கட், பாஸ்தா மாதிரி உலர்ந்த சாமான் என்றால் பயமில்லாமல் எடுக்கலாம். இந்தத் தேதிக்குள் பயன்படுத்திவிட வேண்டும் என்று இருந்தால் அது உடல்நலம் சம்பந்தப்பட்டது, அன்றைக்கே சமைக்கப் போவதில்லை என்றால் தொடாதீர்கள். உப்பிப் போன டின், மூட்டுப் பக்கம் நசுங்கிய டின் இரண்டையும் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கார்டை விட்டு ரொக்கத்துக்கு மாறுகிற முதல் மாதம் இடிக்கத்தான் செய்யும், பழைய பில்லையும் கட்ட வேண்டும், புதுச் சாமானுக்கும் காசு வேண்டும். அங்கேதான் உங்கள் வீட்டு அலமாரி உதவப் போகிறது. நீங்கள் வாங்கிக் குவித்திருக்கிற சரக்கில் மூன்று வாரமாவது ஓட்டலாம் என்று பில்களே சொல்கின்றன. இந்த மாதம் பால், காய்கறி, முட்டை தவிர எதையும் வாங்காமல், வீட்டில் இருப்பதைத் தீர்த்துவிடுங்கள். கடைக்குப் போகிற நாளையும் சம்பளம் வந்த வாரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அக்கா பக்கம் நிற்கும் 12, ஆஃபரில் விழும் 18, இரண்டும் சேர்ந்தால் மாதம் 30 பங்கு. இப்போது கட்டுவதோடு இந்த 30ஐயும் சேர்த்துக் கட்டினால் 250 பங்கு பாக்கி ஏழெட்டு மாதத்தில் தீர்ந்துவிடும், ஏனென்றால் அசல் குறையக் குறைய வட்டியும் இறங்கும். அதுவரை கார்டு பீரோவிலேயே இருக்கட்டும். அக்காவிடம் மட்டும் இந்த வாரமே பேசிவிடுங்கள், அவர் அடுத்த மாத லிஸ்ட்டை அனுப்புவதற்கு முன்னால்.